அடுத்த டிரில் மாஸ்டர் யாருங்க?

கல்லூரியில் புட்பால் கோச் வேலை காலியாம். அதற்கு யார் வரப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு ஆள் மேல் ஆள் வந்தபடி இருக்கிறார்கள். நேற்று வந்த இரண்டு பேரும் படித்த பிள்ளைகள், உத்தியோகத்தில் இருப்பவர்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஒருவர், "பெங்களூர்க்காரர்னு பேசிக்கிறாங்க சார்" என்றார். மற்றவர், "இல்லை சார், மந்திரிக்கு வேண்டியவர் ஒருத்தர் இருக்காராம்" என்றார். காபி ஆறிப் போகும்வரை இதே பேச்சு. போகிறபோது, "உங்க அனுபவத்துல யாருக்குக் கிடைக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். என் அனுபவத்தில், இப்படிப் பேசிப் பேசி ஒரு பையனின் காலை உடைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

நான் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரன். பள்ளிப்படிப்பு முடிந்ததும் மதராஸில் ஒரு வருஷம் தேகப்பயிற்சி படித்தேன். அந்த ஒரு வருஷத்தில் நினைவில் நிற்பது பசியும் கடற்கரை மணலில் ஓடியதும்தான். பிறகு தர்மபுரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உதவி டிரில் மாஸ்டராகச் சேர்ந்தேன். அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவில் இருந்தது. ஊரில் கல்லூரி கிடையாது. எங்கள் பள்ளியின் புட்பால் குழுதான் ஊருக்குப் பெருமை. கிருஷ்ணகிரியுடனோ திருப்பத்தூருடனோ ஆட்டம் என்றால் அதியமான்கோட்டை, பென்னாகரம் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

எனக்கு மேலே டிரில் மாஸ்டராக இருந்தவர் மாசிலாமணி. மெலிந்த மனிதர். கத்த மாட்டார். விசிலைக்கூட அபூர்வமாகத்தான் ஊதுவார். பையன்கள் அவர் முகத்தைப் பார்த்தே எங்கே தவறு என்று தெரிந்துகொள்வார்கள். பந்தைத் தயார் செய்வதை மட்டும் யாரிடமும் விடமாட்டார். இப்போதைய பந்து மாதிரி இல்லை அது. வெளியே தோல் உறை, உள்ளே ரப்பர் பிளாடர். பிளாடரை மடித்து உள்ளே செலுத்தி, அதன் கழுத்தை வெளியே வைத்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். பிறகு கழுத்தை இரண்டாக மடக்கி நூலால் கட்டி உள்ளே தள்ளி, தோல் வாரை ஊசியில் கோத்து இழுத்துத் தைக்க வேண்டும். அந்த வார் மேடிட்டு நிற்கக் கூடாது. நின்றால் தலையால் முட்டுகிற பையனுக்கு நெற்றி கிழிந்துவிடும். தைத்து முடித்ததும் தையல்களின் மேல் விளக்கெண்ணெய் தடவுவார். பந்தைத் தன் மோவாய் உயரத்திலிருந்து கீழே போடுவார். அது இடுப்பு வரை எழும்பினால் ஆட்டத்துக்கு உண்டு, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை எடுத்துக் கொடுப்பேன். என் உண்மையான படிப்பு அதுதான்.

யுத்தம் வந்தது. பட்டாளத்துச் சிப்பாய்களுக்குத் தேகப்பயிற்சி கொடுக்க ஆள் எடுத்தார்கள். மாசிலாமணி பெயர் கொடுத்துவிட்டு ஒரு திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பையன்களைப் பார்த்துக்குங்க."

அவர் ஏறின பஸ் கண்ணுக்கு மறையவில்லை, பக்கத்தில் நின்ற பஸ் ஏஜெண்டு என்னைப் பார்த்து, "அடுத்த டிரில் மாஸ்டர் யாருங்க?" என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்தது. முடிவெட்டப் போனால் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு நாவிதர் கேட்பார். சந்தையில் தக்காளி விற்கிற அம்மாள் கேட்பார். சாமி கும்பிடப் போனால் அர்ச்சகர், தீபாராதனைத் தட்டை நீட்டியபடியே, "யாரோ தங்கவயல்லேருந்து வர்றாராமே?" என்பார். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். "தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கிறாரு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள்.

மூன்று பெயர்கள் ஊரில் அடிபட்டன. முதலாமவர் அதியமான்கோட்டை ஹவில்தார் குப்புசாமி. முந்தைய யுத்தத்தில் மெசபடோமியா வரை போய் வந்தவர். ஒரு காது மந்தம், முதுகு கம்பி மாதிரி நேராக இருக்கும். இரண்டாமவர் சுந்தரம். பள்ளிக் கமிட்டித் தலைவரின் மருமகன், சேலத்துக்காரர், மதராஸில் ஏதோ கிளப்பில் ஆடியவர். மூன்றாமவர் ஹென்றி. கோலார் தங்கவயலில் வளர்ந்த சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். அங்கே சுரங்கத் தொழிலாளர்களின் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான்காவது பெயர் ஒன்று இருந்திருக்கலாம். எட்டு வருஷமாக அதே மைதானத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மூவரில் யார் என்று என்னிடமே வந்து கேட்ட அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. டீக்கடைக்காரர் ஒருமுறை, "யாரு வந்தாலும் நீங்க இருக்கீங்க, வேலை நடந்துரும்" என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

ஹெட்மாஸ்டர் சேஷகிரி ராவ் ஓசூர்ப் பக்கத்துக்காரர். எதைச் சொன்னாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஹௌதா?" என்பார். கன்னடத்தில் 'அப்படியா' என்று அர்த்தம். பள்ளிக்கூடம் தீப்பிடித்துக்கொண்டது என்று சொன்னாலும் அதையேதான் சொல்வார். நான் போய், "சார், சீக்கிரம் ஒருத்தரைப் போட்டுடுங்க. பையன்கள் படிப்பை விட்டுட்டு இதையே பேசறாங்க" என்றேன்.

"ஹௌதா?" என்றார்.

பையன்கள் பேசியதோடு நிற்கவில்லை, கட்சி கட்டினார்கள். ரைட் அவுட் ஆடிய கோவிந்தன் அதியமான்கோட்டைக்காரன், ஹவில்தாருக்குத் தூரத்து உறவு. வலதுபக்கம் ஆடுகிறவர்கள் எல்லாம் அவனோடு சேர்ந்து ஹவில்தார் கட்சி ஆனார்கள். சென்டர் ஹாஃப் பொன்னுசாமி பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். எனக்குத் தெரிந்து எங்கள் மைதானத்தில் அவனைவிட நன்றாக ஆடியவன் இல்லை. தன் காலுக்குப் பந்து வருவதற்குள் அது அடுத்து எங்கே போக வேண்டும் என்று பார்த்து வைத்திருப்பான். சுந்தரம் வந்தால் தன்னை மதராஸுக்கு அழைத்துப் போய்ப் பெரிய குழுவில் சேர்த்துவிடுவார் என்று யாரோ அவன் காதில் ஓதியிருந்தார்கள். அவன் மருமகன் கட்சி. இடதுபக்கத்து ஆட்டக்காரர்கள் அவன் பின்னால் போனார்கள். கோல் கீப்பர் மட்டும் தங்கவயல் கட்சி, காரணம் அவனுக்கே தெரியாது.

இதன் பலனை மைதானத்தில் பார்த்தேன். இடதுபக்கத்தான் வலதுபக்கத்தானுக்குப் பாஸ் கொடுக்க மாட்டான். கோவிந்தன் கோலுக்கு எதிரே தனியாக நிற்பான், பொன்னுசாமி பார்த்துவிட்டுப் பந்தைப் பின்னால் தள்ளுவான். இரண்டு பேரையும் கூப்பிட்டு, "இன்னும் வராத ஆளுக்காக ஏன்டா அடிச்சுக்கிறீங்க?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். திரும்பிப் போனதும் மறுபடி அதே கதை.

கடைசியில் ஹெட்மாஸ்டர் ஒரு யோசனை செய்தார். மூவரும் ஆளுக்கொரு மாலை வந்து பயிற்சி கொடுக்கட்டும், பார்த்து முடிவு செய்யலாம் என்றார். ஊரின் வாயை அடைக்க நினைத்தாரோ என்னவோ, அந்த மூன்று மாலையும் ஊரே மைதானத்துக்கு வந்துவிட்டது.

முதல் மாலை ஹவில்தார். பையன்களை வரிசையாக நிறுத்தி மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தார். நின்றார்கள், திரும்பினார்கள், மறுபடி ஓடினார்கள். வெயில் இறங்கியபோது, "பந்து எப்பங்க?" என்று கேட்டேன். மந்தமான காதுப் பக்கம் நின்று கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "வருவாங்க வருவாங்க" என்றார்.

இரண்டாவது மாலை ஹென்றி. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின காலம். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கரி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவர் முகமெல்லாம் புகை படிந்திருந்தது. கைகால் கழுவிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். தங்கவயல் தமிழ் தண்ணீராக வந்தது. "இந்தப் பசங்க ஏன் ரெண்டு பக்கமா நிக்கிறாங்க? சண்டையா?" என்றார். வந்த ஐந்து நிமிஷத்தில் அதைப் பார்த்துவிட்டார். கோவிந்தனை இடதுபக்கத்துக்கும் இடதுபக்கத்தானை வலதுபக்கத்துக்கும் மாற்றினார். யாரும் பந்தை இரண்டு தடவைக்கு மேல் தொடக் கூடாது என்றார். தொட்டால் விசில். கட்சி பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது பையன்களுக்கு. பக்கத்தில் யார் இருக்கிறானோ அவனுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இருட்டு வரும் நேரத்தில் பொன்னுசாமி சிரித்துக்கொண்டே ஆடினான். அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதும், அதற்கு இவர்தான் சரியான ஆள் என்பதும் எனக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது.

மூன்றாவது மாலை சுந்தரம் மாமனாரின் காரில் வந்தார். வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸ். பள்ளியிலிருந்து பெரிய கரும்பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு விளக்கினார். படம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கட்சியைக் கவனிக்காமல் வலது இடதென்று அப்படியே இரண்டாகப் பிரித்து எதிரெதிரே ஆட விட்டார். நான் கிட்டே போய், "இப்படிப் பிரிக்காதீங்க, இவங்களுக்குள்ள மனஸ்தாபம் இருக்குது" என்றேன். "ஆடினா சரியாப் போயிடும்" என்றார்.

கோலுக்கு முன்னால் ஒரு பந்து எழும்பி வந்தது. பொன்னுசாமியும் கோவிந்தனும் இரண்டு பக்கமிருந்தும் ஓடினார்கள். யாராவது ஒருவன் ஒதுங்க வேண்டும். இரண்டு பேரும் ஒதுங்கவில்லை. காய்ந்த விறகை முறித்த மாதிரி ஒரு சத்தம், மைதானத்தின் மறுகோடி வரை கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பொன்னுசாமியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு புதிய இடத்தில் வளைந்திருந்தது. அவன் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது:

"அப்ப மருமவனுக்கு வேலை போச்சுங்களா?"

"போவாதுங்க. பையன் தானா வுழுந்தான்" என்றது இன்னொரு குரல்.

"ஹவில்தாருக்குத்தான் இனிமே. பாத்துக்கிட்டே இருங்க."

எத்தனையோ கோபம் வந்திருக்கிறது எனக்கு. அந்தக் கோபம் மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எழுந்து நின்று, "எல்லாரும் வெளிய போங்கய்யா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கூட்டம் நாலடி பின்வாங்கியது, பேச்சு நிற்கவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹவில்தார் வந்தார். ஒன்றும் பேசாமல் மண்டியிட்டுப் பொன்னுசாமியின் குதிகாலையும் பாதத்தையும் இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக இழுத்துப் பிடித்துக்கொண்டார். "நான் விடமாட்டேன். நீங்க கட்டுங்க" என்றார். மூலைக் கொடிகள் கட்டியிருந்த மூங்கில்களைப் பிடுங்கி வரச் சொன்னேன். இரண்டைக் காலின் இரு பக்கமும் வைத்து, என் வேட்டியைக் கிழித்து முழங்கால், கணுக்கால் இடுக்குகளில் திணித்தேன். முறிந்த இடத்தின் மேல் கட்டக் கூடாது. அதற்கு மேலும் கீழும் கட்டினேன், பிறகு இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினேன். விரல்களைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

தூக்கிப் போக ஒன்றும் இல்லை. சுந்தரம் கரும்பலகையைக் கொண்டுவந்து கீழே போட்டார். அவர் போட்ட வட்டங்களின் மேலேயே பையனைக் கிடத்தினோம். காரில் காலை மடக்காமல் வைக்க முடியாது. ஆகவே ஆஸ்பத்திரி வரை நடந்தே தூக்கிப் போனோம். ஒரு மூலையை ஹவில்தார் பிடித்தார், ஒன்றைச் சுந்தரம், ஒன்றை நான். நான்காவது மூலையைக் கோவிந்தன் பிடித்தான். வழியெல்லாம் சுந்தரத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. "எனக்கு இந்த வேலையே வேண்டாங்க. மாமா சொன்னாருன்னு வந்தேன். சேலத்துல ஜவுளிக் கடையைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, வீக்கம் வடிந்ததும் மாவுக்கட்டு போடலாம், அதுவரை அசைக்கக் கூடாது என்றார். கம்பவுண்டர் என்னைத் தனியே அழைத்துப் போனார். மருந்து ஏதோ வாங்கி வரச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஏனுங்க, அப்ப வேலை யாருக்கு?" என்றார்.

காலையில் பையனின் அப்பா மாரப்பன் வந்தார். மச்சானும் கூட வந்திருந்தார். வாசலில் வைக்கோல் பரப்பிய கட்டை வண்டி நின்றது. நேராகக் கட்டிலருகே வந்து, "எந்திரி, போலாம்" என்றார். எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டும் வைத்தியர் ஒருவர் பென்னாகரத்துக்கு அப்பால் இருந்தார், அவரிடம் கொண்டுபோவதாக ஏற்பாடு.

நான் குறுக்கே நின்றேன். "வண்டியில ஏத்தினா எலும்பு வெலகிப் போயிருங்க. சதையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டா காலையே எடுக்க வேண்டி வரும். கட்டுப் போட்டதும் கூட்டிக்கிட்டுப் போங்க."

"எலும்பு ஒடையறப்ப எங்கிங்க இருந்தீங்க நீங்க?"

"பக்கத்துலதாங்க இருந்தேன்."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். பிறகு, "படிக்க அனுப்புனேன். பந்து ஒதைக்கிறதுக்கு அனுப்புல. நாளைக்கு ஏரு புடிக்கிறது யாருங்க? நீங்க வந்து புடிப்பீங்களா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

கட்டிலுக்குக் கீழே தரையில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்க வீட்டுக்குப் போகவில்லை. மாரப்பன் அவனைப் பார்த்து, "இந்தப் பையன் யாரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே எழுந்து நின்றான். "என் கால் பட்டுத்தாங்க ஒடஞ்சுது."

மச்சான் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாரப்பன் அவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். கோவிந்தனை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு?"

"அதியமான்கோட்டைங்க."

"வூட்டுக்குப் போவலியா?"

"இல்லிங்க."

பொன்னுசாமி அப்போதுதான் பேசினான். "அப்பா, நான் இங்கயே இருக்கறேன். சார் சொல்றது நெசம். அசைஞ்சா உசுரு போவுது."

மாரப்பன் வாசலுக்குப் போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்து கட்டில் காலருகே குந்திக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஒத்துக்கறேன். ஆனா இனி இவன் வாயில பந்துன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நேரா உங்க வூட்டுக்குத்தான் வருவேன்."

மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, கால் மட்டும் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. அவன் அதன்பின் ஆடவில்லை.

அந்த வாரத்திலேயே ஹெட்மாஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "மூணு பேரில் யார் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்? உங்க அபிப்பிராயம் வேணும்" என்றார். எட்டு வருஷத்தில் அவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தங்கவயல் ஹென்றி, சார்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பேரைச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"நீங்க மூணு பேர்ல யாருன்னு கேட்டீங்க சார்."

"நாலு பேர்னு கேட்டிருந்தா?"

"அப்பவும் அவர்தான் சார்."

ஹௌதா என்று அவர் சொல்லவில்லை. சும்மா தலையை ஆட்டினார்.

ஹென்றி பெயரையே அவர் கமிட்டிக்கு அனுப்பினார். ஊரில் செய்தி கசிந்து மறுபடி ஒரு அலை. சட்டைக்காரருக்கு இங்கே வீடு யார் கொடுப்பார்கள், மாட்டிறைச்சி சாப்பிடுவாரா, மாதாகோயில் எங்கே இருக்கிறது என்று, வராத மனிதருக்காக ஊர் மண்டையை உடைத்துக்கொண்டது. என்னிடமும் கேட்டார்கள். நான் பதில் சொல்வதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்துவிட்டதால் ரப்பர் கிடைக்காமல், கிழிந்த பிளாடரைச் சைக்கிள் கடையில் ஒட்டி வாங்கிக்கொண்டு அலைந்தேன். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. ஹெட்மாஸ்டர் மைதானத்துக்கே வந்து சொன்னார். யுத்தகாலச் சிக்கனம். டிரில் மாஸ்டர் உத்தியோகம் யாருக்கும் இல்லை, அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். "எல்லா வேலையையும் நீங்களே பார்த்துக்கணும்" என்றார்.

"அப்ப நான் டிரில் மாஸ்டரா சார்?"

"இல்லை. உதவி டிரில் மாஸ்டர்தான்."

"யாருக்கு உதவி சார்?"

அவர் என்னைப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. இத்தனை மாதப் பேச்சும், கட்சியும், ஒரு பையனின் காலும், இல்லாத ஒரு நாற்காலிக்காக.

அந்த வருஷம் கிருஷ்ணகிரியோடு ஆடித் தோற்றோம். ஆனால் கோவிந்தன் இடதுபக்கத்துக்குப் பாஸ் கொடுத்தான், அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அறுவடை முடிந்த ஒரு சாயங்காலம், பையன்கள் ஆடிக்கொண்டிருக்கையில் மைதானத்தோரம் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. மாரப்பன் இறங்கி, பொன்னுசாமியைக் கைத்தாங்கலாக இறக்கினார். ஊன்றுகோலோடு அவன் கோட்டருகே போய் நின்றதும் கோவிந்தன் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்தான். நான் கொஞ்சம் பயந்துகொண்டேதான் மாரப்பனிடம் போனேன்.

"வூட்டுல ஒக்காந்துக்கிட்டு ஒரே தொல்லைங்க. ஒருக்கா பாத்துட்டு வந்தர்றேங்கறான்" என்றார். அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கழுத்து பந்து போகும் பக்கமெல்லாம் திரும்ப ஆரம்பித்தது. பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங்க, அந்தப் பெரிய வேலை. அதுக்கு இன்னும் ஆளு போடுலீங்களாமா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "ஏன், நீங்க யாரு பேரைச் சொல்றீங்க?" என்றேன்.

"எனக்கென்னங்க தெரியும்? எங்க பையன்தான் சொல்றான். நீங்க இருக்கறப்ப வேற ஆளு எதுக்குங்கறான். எனக்கும் அப்படித்தான் படுதுங்க."

அந்த இடமே இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.